குணமானதாகச் சாட்சி சொல்ல ஏன் இந்த அவசரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குணமளிக்கும் ஜெபக் கூட்டங்களின் விளம்பரங்களில் ஒரு வாசகம் மாறாமல் வரும்: குருடர் பார்க்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள். கூட்டம் நடக்கும் அரங்கில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா, காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா என்பது மட்டும் அதில் இருக்காது. நடந்துவிடப் போகிறவருக்குச் சாய்தளம் எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள் போலும். ஊனம், மனநோய், நாள்பட்ட நோய் ஆகியவற்றைத் திருச்சபைகள் பலவும் பார்க்கும் பார்வையில் உள்ள கோளாறு இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. நோயாளி என்றால் குணமாக வேண்டியவர். குணமாகும்வரை காத்திருப்போர் வரிசையில் நிற்பவர். இப்படியே, இன்றே சபையின் முழு உறுப்பினர் என்ற கணக்கில் அவர் வருவதில்லை.

ஜெபத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நோயாளிக்காக மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. பேச வேண்டியது ஜெபத்துக்கு மறுநாள் நடப்பதைப் பற்றி, அதாவது மாத்திரையைப் பற்றி.

மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடும் ஒருவர் 'விசுவாசத்தோடு' அதை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் என்ன நடக்கும்? பல நேரங்களில் அவர் முன்பைவிடத் தெளிவாகத் தெரிவார். அந்த மருந்துகளால் வரும் தூக்கக் கலக்கம், உடல் விறைப்பு, கை நடுக்கம் எல்லாம் குறையும். முகத்தில் களை வரும். வீட்டார் பூரித்துப்போவார்கள், போதகர் மேடைக்கு அழைப்பார், குணமானேன் என்ற சாட்சி பதிவாகும். ஆனால் மருந்தை நிறுத்தினால் நோய் பொதுவாக அடுத்த நாளே திரும்புவதில்லை. சில வாரங்களோ சில மாதங்களோ கழித்துத்தான் தூக்கம் கெடும், சந்தேகம் முளைக்கும், குரல்கள் கேட்கத் தொடங்கும். அதற்குள் சாட்சி ஊரெல்லாம் பரவியிருக்கும். நான்காவது மாதம் அவர் மருத்துவமனையில் சேர்ந்ததை எந்த மேடையும் அறிவிப்பதில்லை. கேட்டால், விசுவாசத்தில் நிலைத்திருக்கவில்லை என்று பழி அவர் தலையிலேயே விழும். இதில் பலர் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. பக்கவிளைவு போவதையும் நோய் போவதையும் ஒன்றென எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளிதான் ஏமாற்றுகிறது.

மிதமிஞ்சிய எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவரின் நிலை இன்னும் நுணுக்கமானது. இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். 1.5ஐத் தாண்டினால் அது நஞ்சு. தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருந்தால் உடலில் நீரும் உப்பும் குறையும். அப்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வழக்கமான அதே மாத்திரைதான், ஆனால் கை பெரிதாக நடுங்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். இதைப் பார்த்து 'ஆவி அசைகிறது' என்றோ 'பிசாசு போராடுகிறது' என்றோ விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் மருத்துவமனையில் இருக்கவேண்டும். முழு இரவு ஜெபமும் இவர்களுக்கு ஆகாது. ஓர் இரவுத் தூக்கம் கெடுவதே மிதமிஞ்சிய எழுச்சி நிலையைக் கிளப்பிவிடப் போதும். அந்த எழுச்சியின் தொடக்கத்தில் ஆள் உற்சாகமாகப் பேசுவார், பாடுவார், தீர்க்கதரிசனம் சொல்வார், கையிலிருப்பதையெல்லாம் காணிக்கையாகப் போட்டுவிடுவார். அதைப் பக்தி வைராக்கியம் என்று மெச்சாத சபை அபூர்வம்.

மற்ற சில நோய்களில் இவ்வளவு அவகாசமும் கிடையாது. முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலமாகி உயிர் போகலாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வரலாம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் சட்டென்று விட்டால், அதுவரை வேலையற்றுக் கிடந்த அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. இரத்த அழுத்தம் சரிந்து அவர் விழக்கூடும்.

ஆகவே ஜெபிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஜெபம் முடிந்ததும் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "மாத்திரையைத் தொடருங்கள். குறைப்பதோ நிறுத்துவதோ எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்ன பிறகு." இதைச் சொல்லாமல் விட்டாலே, நிறுத்தச் சொன்னதாகத்தான் பலர் எடுத்துக்கொள்வார்கள். சாட்சிக்கும் ஒரு வரையறை வேண்டும். ஓர் ஆண்டாவது போகட்டும், மருத்துவரின் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும், பிறகு மேடை ஏற்றலாம். தொழுநோய் நீங்கியவரை நேரே ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னவர் இயேசு. அந்தக் காலத்துப் பரிசோதனை அதிகாரி ஆசாரியன்தான்.

விசுவாசக் குறைவு என்ற பேச்சுக்கு வருவோம். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை, அதாவது தன்னை வாட்டிய பலவீனத்தை, நீக்கும்படி மூன்று முறை வேண்டினார், நீங்கவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் அடிக்கடி வந்த பலவீனத்துக்கும் அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். இம்மூவரில் யாருக்கு விசுவாசம் குறைவு என்று இதுவரை ஒரு பிரசங்கியாரும் விளக்கியதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்று பதில் வந்துவிட்டது. ஆனாலும் ஊனமுற்ற குழந்தை பிறந்த வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், பரம்பரைச் சாபம் ஏதாவது உண்டா என்று விசாரிக்கிறார்கள். தாய் அந்தக் கேள்வியை ஆயுள் முழுக்கச் சுமக்கிறாள்.

அசுத்த ஆவி விஷயத்தில் மத்தேயு 4:24ஐ எழுத்தெண்ணி வாசித்தாலே போதும். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று அங்கே மூன்று தனி வகைகள் இருக்கின்றன. சந்திரரோகி என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்வது வலிப்பு நோயாளியை. வேறுபடுத்தத் தெரிந்திருந்தது அவர்களுக்கு; நமக்கு ஏன் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது? 1976இல் ஜெர்மனியில் 23 வயது மாணவி ஒருவர் இறந்தார். வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தவர். ஆயரின் அனுமதியோடு 1975 முதல் 67 முறை அவருக்குப் பேயோட்டும் சடங்கு நடந்தது. இறந்தது பட்டினியாலும் நீர்ச்சத்துக் குறைவாலும்; எடை 30 கிலோ அளவுக்கு வந்திருந்தது. பெற்றோரும் குருக்கள் இருவரும் 1978இல் தண்டிக்கப்பட்டார்கள். இன்றைய கத்தோலிக்க விதி மறைமாவட்ட ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இச்சடங்கைச் செய்யக்கூடாது என்கிறது. இருப்பது நோயல்ல என்று முன்னதாக உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றும், மனநோய் மருத்துவத்தின் பொறுப்பு என்றும் அச்சபையின் மறைக்கல்வி ஏடு சொல்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் 1975இல் வகுத்த நெறியில் மருத்துவத்தோடு இணைந்து செய்யவேண்டும் என்பதோடு இன்னொன்றும் உண்டு: இயன்றவரை விளம்பரம் இல்லாமல். அதை அப்படியே எல்லாச் சபைகளும் எடுத்துக்கொள்ளலாம். கானா நாட்டு ஜெப முகாம்களில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி, கட்டாய உபவாசம் இருக்கவைப்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2012இல் ஆவணப்படுத்தியது. பட்டினி போட்டால் பேய் போகும் என்ற எண்ணம் எந்தக் கண்டத்துக்கும் தனிச்சொத்து அல்ல.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. எண்ணச் சுழற்சி நோயில் (ஓ.சி.டி.) ஒரு வகை முழுக்கப் பக்தி வேடத்தில் வரும். தேவதூஷணமான எண்ணம் மனதில் வந்துவிட்டது, மன்னிப்பே இல்லாத பாவம் செய்துவிட்டேன், பாவ அறிக்கையில் ஒன்றை விட்டுவிட்டேன் என்று அந்த நபர் திரும்பத் திரும்பப் போதகரிடமோ குருவிடமோ வருவார். நல்ல மனம் படைத்த போதகர் ஒவ்வொரு முறையும் "பயப்படாதே, மன்னிப்பு உண்டு" என்று ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதல் ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு, சொன்னதைச் சரியாகச் சொன்னேனா என்ற புதுச் சந்தேகம் தொடங்கும். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவருக்கு இன்னொரு சோப்பு கொடுப்பது போலத்தான் இந்த ஆறுதலும். கத்தோலிக்கப் புனிதர்களான லொயோலா இஞ்ஞாசியாரும் அல்போன்ஸ் லிகோரியும் இத்தகைய மனக்குடைச்சலில் தவித்தவர்கள். ஒருமுறை அறிக்கையிட்டதைத் திரும்ப அறிக்கையிடாதே என்பது ஆன்ம குருக்களிடையே பழைய விதி. இன்றைய சிகிச்சையும் ஏறத்தாழ அதையே சொல்கிறது: எண்ணம் வரட்டும், சடங்கைச் செய்யாமல் இரு, பதற்றம் தானாக இறங்கும்வரை பொறு. போதகர் செய்யவேண்டியது, ஒருமுறை பதில் சொல்லிவிட்டு அதே கேள்விக்கு மறுபடி பதில் சொல்ல மறுப்பதும், மனநல மருத்துவரிடம் அனுப்புவதும். கல்நெஞ்சம் போலத் தெரியும். அதுதான் உதவி.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சாடை காட்டினால் நேராகக் கேளுங்கள்: உயிரை விட யோசிக்கிறீர்களா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தனியாக விடாதீர்கள், மாத்திரைக் குவியல், பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டார் மூலம் அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். கத்தோலிக்கர் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் வேறு. அங்கே கேட்டதை வெளியிட முடியாது, ஆனால் வெளியே வந்து இதை என்னிடம் மறுபடி பேசுங்கள் என்று அவரையே கேட்க முடியும். அப்படியும் உயிர் போய்விட்டால் அடக்கத்தை மறுக்காதீர்கள். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் 1917ஆம் ஆண்டு கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பும் இவர்களுக்கு அடக்க ஆராதனையை மறுத்தது உண்மை. 1983இல் வந்த கத்தோலிக்கச் சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. கடும் மனநோய் அந்தச் செயலின் பொறுப்பைக் குறைக்கும் என்று மறைக்கல்வி ஏடு ஒத்துக்கொள்கிறது. தாவீதின் ஆலோசகனாக இருந்த அகித்தோப்பேல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன்; அவனையும் தகப்பனின் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள் என்று 2 சாமுவேல் 17 சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தில் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் அதை ஒருமுறை வாசிக்கட்டும்.

இனிக் கட்டடம். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் மூன்று படிக்கு 45. சாய்தளத்தின் சரிவு 1க்கு 12 இருக்கவேண்டும். ஆக நீளம் 5.4 மீட்டர். நடப்பது என்ன? இடம் இல்லை என்று ஒன்றரை மீட்டரில் ஒரு சிமெண்டுச் சரிவு போட்டு, திறப்பு விழாவும் நடத்திவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறினால் பின்புறமாகக் கவிழும். அளந்து கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டாதீர்கள். மேலே கதவுக்கு முன் 1.5 மீட்டர் சமதளம் வேண்டும், இருபுறமும் கைப்பிடி வேண்டும், கதவின் திறந்த அகலம் 80 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. உள்ளே, நடுவரிசை ஒன்றில் பாதி பெஞ்சை எடுத்துவிட்டால் நாற்காலிக்கு இடம் கிடைக்கும். பக்கத்தில் வீட்டார் உட்காரலாம். கடைசி வரிசைக்குப் பின்னால், செருப்பு கிடக்கும் இடத்தில் நிறுத்துவது இடம் கொடுத்ததாகாது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் கடைக்கும் திரையரங்குக்கும் இதையெல்லாம் கட்டாயமாக்கி, மத அமைப்புகளுக்கு விலக்கு அளித்தது. திரையரங்கில் நுழைய முடிந்தவர் தேவாலயத்தில் நுழைய முடியாமல் போவதைச் சட்டமே அனுமதித்துவிட்டது.

"என் குரல் நன்றாகக் கேட்கும், மைக் வேண்டாம்" என்று சொல்லும், வேதபாடம் வாசிக்கிற ஒருவர் எல்லாச் சபையிலும் உண்டு. காது கேட்கும் கருவியை அரங்கின் ஒலிச்சுற்றோடு (மைக்கின் ஒலியை நேரே கருவிக்கு அனுப்பும் கம்பிச் சுற்று) இணைத்துக் கேட்பவருக்கு மைக்கில் பேசாத சொல் எதுவும் போய்ச் சேராது. எதிர்ப்பக்கத்தில் ஒலிபெருக்கிக் கொடுமை வேறு. 85 டெசிபல் அளவு ஒலியைக் காது 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். செல்பேசிச் செயலியிலேயே ஓரளவு அளந்துவிடலாம். ஆட்டிச நிலையுள்ள குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், முதலில் பார்க்கவேண்டியது இந்த எண்ணை. குழந்தைக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டாம்.

பார்வையற்றவருக்குப் பாட்டையும் ஆராதனை முறையையும் முந்தைய நாளே அனுப்பினால் செல்பேசி வாசித்துக் காட்டும். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததையும் படமாக எடுத்து அனுப்பியதையும் அதனால் பெரும்பாலும் சரியாக வாசிக்க முடியாது. குப்பையாக ஏதோ உளறும், அல்லது மௌனம். யூனிகோடில் அடியுங்கள். பார்வை குன்றியவருக்கு 18 புள்ளி எழுத்து, பளபளக்காத தாள். சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பிரசங்கக் குறிப்பை முன்னதாகக் கொடுங்கள். அவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும். ஒருவரே ஒன்றரை மணி நேரம் செய்ய முடியாது, 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற இருவர் வேண்டும்.

திருவிருந்தில்தான் மிகச் சிறிய தவறு மிகப் பெரிய தீங்காகிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிக்குக் கோதுமை அப்பத்தின் துகள் உள்ளே போனாலே குடல் புண்ணாகலாம். கத்தோலிக்கச் சபையில் குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது என்றும், மிகக் குறைந்த அளவு உள்ள அப்பம் செல்லும் என்றும் 2017இல் மீண்டும் வலியுறுத்தினார்கள். சரி, அந்த அப்பத்தை வாங்கியாயிற்று. பிறகு மற்ற அப்பங்களோடு ஒரே தட்டில் வைத்தாலோ, அவற்றை எடுத்த விரலால் எடுத்துக் கொடுத்தாலோ எல்லாம் வீண். மூடியுள்ள தனிச் சிமிழில் வைத்து, நோயாளியே திறந்து எடுக்கவேண்டும். இரசம் மட்டும் அருந்துவதாக இருந்தாலும், குருவானவர் அப்பத்துண்டு இட்ட கிண்ணம் ஆகாது. தனிக் கிண்ணம் வேண்டும். பக்கவாதத்தில் விழுங்கும் திறன் குறைந்தவருக்கு உலர்ந்த அப்பம் தொண்டையில் ஒட்டும், தண்ணீரான இரசம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். எது பாதுகாப்பு என்று அவருடைய பேச்சு சிகிச்சையாளரிடம் வீட்டார் கேட்டுச் சொல்லட்டும். குடிநோயிலிருந்து மீள்கிறவருக்குத் திராட்சைச்சாறு. படியேற முடியாதவரிடம் போதகர் இறங்கி வரட்டும், கடைசியில் நினைவு வந்தவராக இல்லாமல் முதலிலேயே. ஊனமுற்ற ஆசாரியன் பலிபீடத்தை நெருங்கக்கூடாது என்று சொல்லும் லேவியராகமம் 21கூட, அவன் தேவனுடைய அப்பத்தைப் புசிக்கலாம் என்று அடுத்த வரியில் சொல்கிறது.

நாள்பட்ட நோயாளியின் வீட்டுக்கு முதல் இரண்டு வாரம் ஆட்கள் வரிசையாக வருவார்கள். மூன்றாம் மாதம் யாருமில்லை. பத்துப் பேர் ஒரே நாளில் போவதைவிட, இருவர் இருவராக முறைவைத்து மாதம் ஒருமுறை ஓர் ஆண்டுக்குப் போவது மேல். இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். மருத்துவமனைக்குத் துணைபோவது, கவனித்துக்கொள்பவர் இரண்டு மணி நேரம் தூங்கும்படி பக்கத்தில் இருப்பது இவைதான் கேட்கப்படாத தேவைகள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவரின் மனநோயையோ எச்.ஐ.வி. நிலையையோ வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். என்ன சொல்லலாம், யாரிடம், எத்தனை நாளுக்கு என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கேட்காமல் தலையில் கை வைத்துத் தள்ளுவதும் இதே வகை அத்துமீறல்தான்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் பெல்ஜியத்தின் ஹேல் ஊரைப் பார்க்கலாம். புனித டிம்ப்னா ஆலயத்துக்கு இடைக்காலத்திலேயே மனநோயாளிகளைக் குணமாக்க அழைத்துவந்தார்கள். ஆலயத்தை ஒட்டிய நோயாளர் அறை நிரம்பியபோது ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். பலர் குணமாகவில்லை, இருந்தும் போகச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் பத்து இருபது வருடம், அந்த வீட்டாரோடு உண்டு, முடிந்த வேலையைச் செய்து வாழ்ந்தவர்கள் உண்டு. வீட்டார் அவர்களை நோயாளி என்று சொல்வதில்லை, தங்கியிருப்பவர் என்றுதான் சொல்வார்கள். 1930களின் இறுதியில் அப்படித் தங்கியிருந்தோர் 3,500க்கு மேல். இன்று எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டாலும், மருத்துவமனை மேற்பார்வையோடு அந்த வழக்கம் தொடர்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். குணமளிக்கும் கூட்டங்களின் விளம்பரங்களை ஏற்கும்போது, அடியில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துத் தரும்படி விளம்பரதாரர்களிடம் கேளுங்கள்: "மருந்துகளை மருத்துவரின் ஆலோசனையின்றி நிறுத்த வேண்டாம், அரங்கில் சாய்தளம் உண்டு அல்லது இல்லை." இரண்டாவது பாதியை நிரப்பக் கேட்டாலே சிலர் அரங்கை மாற்றுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர்